சராசரி நண்டு

நண்டின் வயிற்றுக்குள் பற்கள் இருக்கின்றன. வாயில் கிழித்து விழுங்கியதை அது வயிற்றில் வைத்து மறுபடி அரைக்கிறது. நடுவில் ஒரு பல், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு, அவற்றை அசைக்கச் சுற்றிலும் தசைகள். நம் வீடுகளில் நண்டு சுத்தம் செய்கிறவர்கள் ஓட்டைப் பிரித்ததும் கண்களுக்குப் பின்னால் இருக்கும் ஒரு பையைக் கிள்ளி எறிவார்கள். அதுதான் அந்த வயிறு. அதன் மேற்புறத்தில், இதயத்திலிருந்து தலைக்குப் போகும் இரத்தக் குழாயின் உள்ளேயே, ஒரு சிறு நரம்பு முடிச்சு இருக்கிறது. அமெரிக்காவின் வடகிழக்குக் கடலில் பிடிபடும் ஜோனா நண்டின் முடிச்சில் சுமார் 26 நரம்பணுக்கள். சிங்கி இறாலில் கிட்டத்தட்ட 30. மனித மூளையில் 8600 கோடி என்கிறார்கள்.

இந்த முப்பதுக்குள் அடங்கும் கூட்டத்தோடு ஈவ் மார்டர் என்ற நரம்பியலாளர் அரை நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்திருக்கிறார். முனைவர் பட்ட மாணவியாகக் கையில் எடுத்த முடிச்சை அவர் பிறகு கீழே வைக்கவில்லை. அயனிக் கால்வாய்களும் நியூரோபெப்டைடுகளும் அவருடைய இரண்டு பெரிய பாடங்கள். விருதுகள் நிறைய வந்தன. 2016இல் காவ்லி பரிசு கார்லா ஷாட்ஸ், மைக்கேல் மெர்செனிக் ஆகியோரோடு கிடைத்தது. என்னை இழுத்தது விருதுகளோ விடாப்பிடியோ இல்லை. உயிரியல் கூடங்களில் ஒரு பழக்கம் உண்டு: பத்துப் பிராணிகளை அளப்பது, கூட்டி வகுப்பது, கிடைத்த எண்ணை அந்தப் பிராணியின் இயல்பு என்று எழுதுவது. யாரும் சந்தேகிக்காத அந்தப் பழக்கம் மார்டரின் கூடத்தில் மெல்ல மெல்ல உடைந்தது. உடைக்க வேண்டும் என்று யாரும் கிளம்பவில்லை. நண்டின் வயிற்றை ஒழுங்காகப் புரிந்துகொள்ளப் போனார்கள், அது உடைந்துபோனது.

மார்டர் 1948இல் நியூயார்க்கில் பிறந்தவர். பாஸ்டனுக்கு அருகில் வால்தமில் உள்ள பிராண்டைஸ் பல்கலைக்கழகத்துக்கு வந்தபோது குடிமை உரிமை வழக்குகளை நடத்தும் வழக்கறிஞராக வேண்டும் என்பதுதான் திட்டம். அறுபதுகளின் நடுப்பகுதி, அப்படி நினைத்த இளைஞர்கள் ஏராளம். பிறகு உயிரியலுக்கு மாறினார். பிறழ்வு உளவியல் வகுப்பொன்றுக்காக மனச்சிதைவு நோயைப் பற்றிப் படிக்கப் போன இடத்தில், மூளையில் அடக்கும் விசை குறைந்துபோவதுதான் அந்நோயின் மூலமோ என்று சிலர் எழுதியிருந்தது கண்ணில் பட்டது. ஒரு நரம்பணு இன்னொன்றைத் தூண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஒன்று மற்றொன்றை அடக்குவதும் மூளையின் அன்றாட வேலை என்பது அவரைப் பிடித்துக்கொண்டது. 1969இல் சான் டியேகோவில் உள்ள கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்துக்குப் போய், ஆலன் செல்வர்ஸ்டனின் கூடத்தில் சேர்ந்தார். அங்கே காத்திருந்த சுற்று, உள்ளுக்குள் ஏறக்குறைய முழுவதும் அடக்குதலாலேயே ஆனது.

அந்த முடிச்சை ஆய்வுலகத்துக்குள் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் டொனால்ட் மேனார்ட். அவர் கண்ட அனுகூலம் எளியது. நரம்பணுக்கள் பெரியவை, எண்ணிக்கையில் குறைந்தவை, ஒவ்வொன்றையும் அது எந்தத் தசைக்குப் போகிறது என்பதைக் கொண்டு அடையாளம் சொல்லலாம். இன்று ஒரு நண்டில் பார்த்த அதே நரம்பணுவை நாளை இன்னொரு நண்டில் தேடிப் பிடிக்கலாம். எலியின் மூளையில் இந்தச் சலுகை கிடையாது. இன்னொரு வசதி, முடிச்சை வெட்டியெடுத்து உப்புக் கரைசலில் வைத்தாலும் அது தன் வேலையை நிறுத்துவதில்லை. தசையும் இல்லை, உணவும் இல்லை. ஆனாலும் நரம்புகளில் மின்துடிப்புகள் வரிசை தவறாமல் வந்துகொண்டிருக்கும். இரண்டு தாளங்கள். வயிற்றின் வாயில்பகுதியை இயக்கும் பைலோரிக் தாளம் விநாடிக்கு ஒருமுறை என்ற கணக்கில் ஓடும். பற்களை இயக்கும் அரைவைத் தாளம் அதைவிடப் பல மடங்கு நிதானம்.

பைலோரிக் தாளம் எப்படி உண்டாகிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்ப்பது நல்லது, பின்னால் வரும் எல்லாமும் அதன்மேல்தான் நிற்கிறது. ஏபி என்று ஒரு நரம்பணு. அது தானாகவே குமுறும், அடங்கும், மறுபடி குமுறும். அதோடு மின்னிணைப்பால் கட்டுண்ட இரண்டு பிடி நரம்பணுக்கள் சேர்ந்தே குமுறும். இந்த மூன்றும் குமுறும்போது எல்பி, பிஒய் என்ற மற்ற இரு வகைகளும் அடக்கப்படுகின்றன. அடக்குமுறை ஓய்ந்ததும் முதலில் எல்பி எழுகிறது. எழுந்து பிஒய்யை அடக்குகிறது. சற்றுத் தாமதித்து பிஒய் எழுகிறது, எல்பியை அமர்த்துகிறது. அதற்குள் ஏபியின் முறை வந்துவிடும். மூன்று கட்டம், திரும்பத் திரும்ப. நம் மூளையில் பெரும்பாலும் தூண்டும் வேலையைச் செய்கிற குளூட்டமேட் என்ற வேதிப்பொருள் இங்கே அடக்கும் வேலையைச் செய்கிறது என்பது ஒரு வேடிக்கை.

அடக்குமுறை ஓய்ந்தவுடன் ஏன் ஒன்று சட்டென்று எழுகிறது, இன்னொன்று ஏன் தாமதிக்கிறது? பதில் அயனிக் கால்வாய்களில் இருக்கிறது. செல்சவ்வில் பதிந்த புரதங்கள் அவை. நடுவே நுண்ணிய துளை. ஒன்று சோடியத்தை மட்டும் விடும், ஒன்று பொட்டாசியத்தை, மற்றொன்று கால்சியத்தை. சவ்வின் மின்னழுத்தம் ஏறுவதையும் இறங்குவதையும் பொறுத்துத் திறக்கும், மூடும். ஊசிக் கணவாயின் பருத்த நரம்பிழையில் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952இல் இதற்குச் சமன்பாடுகள் எழுதினார்கள். அவர்களுக்கு இரண்டு வகைக் கடத்தல் போதுமானதாக இருந்தது. நண்டின் நரம்பணுவுக்கு அது போதாது. ஐஎச் என்ற மின்னோட்டம் நரம்பணுவை அழுத்தி வைத்தால்தான் திறந்துகொள்ளும். திறந்து அதை மேலே தள்ளும். ஐஏ என்பது பொட்டாசியம் மின்னோட்டம். எழப்போகும் நரம்பணுவைச் சற்றுப் பிடித்து நிறுத்தும். இவை போல ஒவ்வொரு நரம்பணுவிலும் எட்டுப் பத்து வகைகள். எது எத்தனை இருக்கிறது என்பதுதான் அந்த நரம்பணுவின் சுபாவம்.

செல்வர்ஸ்டனின் கூடத்தில் அன்று எல்லோரும் யார் யாரோடு இணைந்திருக்கிறார்கள் என்ற வரைபடத்தை முடிக்கும் முனைப்பில் இருந்தார்கள். முப்பது புள்ளிகள், இடையே கோடுகள். வரைந்து முடித்தால் தாளம் விளங்கிவிடும் என்ற நம்பிக்கை. மார்டர் தன் ஆய்வுக்கு வேறொன்றை எடுத்துக்கொண்டார்: இந்தக் கோடுகளின் வழியே போகும் வேதிப்பொருள் எது? சிங்கி இறாலின் வயிற்றுத் தசைகளுக்குச் சில நரம்பணுக்கள் அசிட்டைல்கோலினால் பேசுகின்றன என்று 1974இல் நேச்சர் இதழில் எழுதினார். அந்தக் கேள்வி அப்போது ஓரமான கேள்வியாகத் தோன்றியிருக்க வேண்டும். வரைபடத்தில் ஒரே மாதிரி இருக்கும் இரண்டு கோடுகள் வேதியியலில் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பது பின்னால்தான் தெளிந்தது. கூடவே குமுறும் ஏபியும் பிடியும்கூட ஒரே பொருளைச் சுரப்பதில்லை. முன்னது குளூட்டமேட், பின்னது அசிட்டைல்கோலின்.

இடையில் பாரிஸில் சில காலம், பிறகு 1978 முதல் தான் படித்த பிராண்டைஸிலேயே ஆசிரியப் பணி. அங்கேதான் பெப்டைடுகள் வந்து சேர்ந்தன.

பெப்டைடு என்பது அமினோ அமிலங்களின் குட்டைச் சங்கிலி. புரோக்டோலின் என்ற ஒன்றைக் கனடாவில் பிரவுன், ஸ்டாரட் என்ற இருவர் கரப்பான்பூச்சியிலிருந்து பிரித்து, அதன் அமைப்பை 1975இல் வெளியிட்டார்கள். ஐந்தே அமினோ அமிலங்கள். அதைப் பெற அவர்கள் அரைத்தது 125 கிலோ கரப்பான்பூச்சி. கிடைத்தது ஒரு கிராமில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு அளவு. இந்தத் தகவலைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஆய்வுக்கூடத்தின் வாடைதான் முதலில் தோன்றுகிறது. ஆனால் விஷயம் அந்தச் சிறிய அளவில் இருக்கிறது. இரண்டு நரம்பணுக்கள் சந்திக்கும் சினாப்ஸில் ஒன்று சுரக்கும் அசிட்டைல்கோலின் பக்கத்து நரம்பணுவை ஆயிரத்தில் சில பங்கு விநாடிக்குத் தொட்டுவிட்டு அழிந்துபோகும். பெப்டைடு அப்படியில்லை. மிகக் குறைந்த செறிவிலும் வேலை செய்யும், தொலைவு போகும், நிமிடக்கணக்கில் தங்கும். நண்டின் வயிற்று முடிச்சு இரத்தக் குழாய்க்குள் உட்கார்ந்திருப்பதன் அர்த்தம் இங்கே விளங்குகிறது. இதயத்தை ஒட்டிய உறுப்புகள் இரத்தத்தில் கலக்கும் பெப்டைடுகள் நேராக இதன்மேல்தான் வந்து மோதுகின்றன. ஜோனா நண்டில் இன்று அடையாளம் கண்டிருக்கும் பெப்டைடுகள் நூற்றுக்கு மேல்.

ஸ்காட் ஹூப்பரும் மார்டரும் எண்பதுகளின் நடுவில் புரோக்டோலினை முடிச்சின்மேல் விட்டார்கள். மந்தமாக இருந்த பைலோரிக் தாளம் வேகமெடுத்தது, துடிப்புகள் கூடின. இன்னொரு பெப்டைடை விட்டால் இன்னொரு விதமான தாளம். ரானல்ட் ஹாரிஸ்-வாரிக் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டோபமின், செரடோனின் போன்றவற்றைக் கொண்டு இதே முடிச்சில் இதே மாதிரி முடிவுகளுக்கு வந்துகொண்டிருந்தார். மைக்கேல் நுஸ்பாம் ஒரு படி மேலே போனார்: புரோக்டோலினைச் சுரக்கும் வெவ்வேறு நரம்பணுக்களைத் தூண்டியபோது, பெப்டைடு ஒன்றாக இருந்தும், கூடச் சுரக்கும் மற்றப் பொருள்களால் தாளங்கள் வேறாயின. பைலோரிக் கூட்டத்தில் இருந்த நரம்பணு ஒன்று, பெப்டைடின் பேச்சைக் கேட்டு அரைவைக் கூட்டத்துக்கு மாறிப்போவதும் நடந்தது. வரைபடத்தின் கோடு ஒன்றுகூட நகரவில்லை. கோடுகளின் பலம் மாறியது, புள்ளிகளின் சுபாவம் மாறியது.

வரைபடம் முடிந்தால் தாளம் விளங்கும் என்ற நம்பிக்கைக்கு அதோடு சரி. சிட்னி பிரென்னரின் குழு 1986இல் ஒரு புழுவின் 302 நரம்பணுக்களின் முழு இணைப்பையும் வெளியிட்டது, அற்புதமான உழைப்பு. அந்தப் புழு அடுத்து என்ன செய்யும் என்பதை அந்த வரைபடத்தைப் பார்த்து மட்டும் யாராலும் சொல்ல முடியவில்லை. இணைப்பு வரைபடம் அவசியம், ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு போக முடியாது என்று மார்டரும், அந்தப் புழுவையே வாழ்நாள் ஆய்வாகக் கொண்ட கோரி பார்க்மனும் 2013இல் சேர்ந்து எழுதினார்கள். மூளை முழுவதையும் இழை இழையாக வரைந்துவிடலாம் என்று பெரும்பணம் இறங்கிக்கொண்டிருந்த காலம் அது. மார்டர் அந்த முயற்சிகளுக்கு எதிரி இல்லை; அமெரிக்க அரசின் மூளைத் திட்டத்துக்கு ஆலோசனை சொன்ன குழுவிலும் இருந்தார். நண்டு அவருக்குக் கொடுத்த எச்சரிக்கையை அங்கே கொண்டுபோய் வைத்தார், அவ்வளவுதான்.

பெப்டைடுகளின் கதையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி, அவை கால்வாய்களைச் சந்திக்கும் இடம். ஹோர்ஹே கோலோவாஷும் மார்டரும் 1992இல் புரோக்டோலின் எந்த மின்னோட்டத்தைத் திறக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். பிறகு ஆண்ட்ரூ ஸ்வென்சன் வேறு பல பெப்டைடுகளைச் சோதித்தார். ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு மின்னோட்டம் வைத்திருக்கும் என்றுதான் எதிர்பார்ப்பு. எல்லாம் அதே மின்னோட்டத்தில் வந்து விழுந்தன. ஒரே மின்னோட்டம் என்றால் தாளங்கள் எப்படி வேறாகின்றன? எந்தப் பெப்டைடுக்கு எந்த நரம்பணுவில் ஏற்பி இருக்கிறது என்பதில்தான் வேறுபாடு. புரோக்டோலின் பல நரம்பணுக்களில் ஒரே நேரத்தில் அந்த மின்னோட்டத்தைத் திறக்கும். இன்னொன்று ஏபியிலும் எல்பியிலும் மட்டும் திறந்துவிட்டு நிற்கும். கருவி ஒன்று, கை வைக்கும் இடங்கள் வேறு. இவ்வளவு சிக்கனத்தை நான் உயிரியலில் அதிகம் பார்த்ததில்லை. வேறெங்கும் இருக்கலாம், ஆனால் நரம்பணு ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடிய இடத்தில்தான் இது கண்ணுக்குத் தெரியும்.

எண்பதுகளின் இறுதியில் பிராண்டைஸிலேயே இருந்த லாரி அபட் நரம்பியலின் பக்கம் வந்தார். துகள் இயற்பியலாளர். மார்டரின் கூடத்தில் ஒலிபெருக்கியில் கேட்ட நரம்பணுக்களின் துடிப்பு அவரை இயற்பியலிலிருந்து பிரித்தது என்று சொல்வார்கள். இருவரும் சேர்ந்து செய்தவற்றில் ஒன்று, கணினியில் இருக்கும் கற்பனைக் கால்வாயை உயிருள்ள நரம்பணுவுக்குள் நுழைக்கும் உத்தி. நரம்பணுவின் மின்னழுத்தத்தைக் கணினி கணத்துக்குக் கணம் படிக்கும்; இந்த அழுத்தத்தில் இந்தக் கால்வாய் இருந்திருந்தால் இவ்வளவு மின்னோட்டம் ஓடியிருக்கும் என்று கணக்கிட்டு, அந்த மின்னோட்டத்தை எலக்ட்ரோடு வழியே செலுத்தும். நரம்பணுவுக்கு வித்தியாசம் தெரியாது. பாதி உயிர், பாதி சமன்பாடு.

இன்னொன்று ஒரு கேள்வி. சிங்கி இறால் பல பத்தாண்டுகள் வாழும். அதன் நரம்பணுக்களும் அவ்வளவு காலம் வாழும். அயனிக் கால்வாய்ப் புரதங்களோ சில மணி நேரத்திலிருந்து சில வாரங்களுக்குள் சிதைந்து, புதியவை வந்து உட்காரும். பாகங்கள் முழுக்க மாறிக்கொண்டே இருக்கும்போது சுபாவம் மட்டும் எப்படி மாறாமல் இருக்கிறது? அபட், மார்டர், குவெந்தால் லெமாசன் மூவரும் 1993இல் ஒரு விடை முன்வைத்தார்கள். எந்தக் கால்வாய் எத்தனை வேண்டும் என்று நரம்பணுவுக்குள் பட்டியல் எதுவும் எழுதி வைக்கப்படவில்லை. தன் துடிப்பு எவ்வளவு என்பதை அது உள்ளே புகும் கால்சியத்தைக் கொண்டு அறிகிறது; கூடினால் ஒன்றைக் குறைக்கிறது, குறைந்தால் இன்னொன்றைக் கூட்டுகிறது. மறு ஆண்டே ஜினா டுரிஜியானோ அதை நேரில் காட்டினார். முடிச்சிலிருந்து தனியே பிரித்து வளர்த்த நரம்பணுக்கள், எல்லா இணைப்பும் அறுந்த நிலையில், சில நாட்களில் தாமாகவே குமுறும் சுபாவத்துக்குத் திரும்பின. பிரான்சில் தோபி-பிரிசோனும் சிம்மர்ஸும் பெப்டைடு சுரக்கும் நரம்புகளைத் துண்டித்து முடிச்சை அநாதையாக்கினார்கள், தாளம் நின்றது. நாட்கள் சில கழித்து, பெப்டைடு எதுவும் இல்லாமலே, அது மறுபடி தொடங்கிற்று.

2003இல் ஜேசன் மெக்லீன் செய்த சோதனை இதைவிடக் குறும்பானது. ஐஏ மின்னோட்டத்தை உண்டாக்கும் ஆர்.என்.ஏ.வை ஒரு பிடி நரம்பணுவுக்குள் ஏற்றினார். ஐஏ வெகுவாகக் கூடிற்று. நரம்பணு மந்தமாகியிருக்க வேண்டும். அநேகமாக ஒன்றும் ஆகவில்லை. அளந்து பார்த்தபோது, எதிர்வேலை செய்யும் ஐஎச் மின்னோட்டத்தையும் நரம்பணு தானே கூட்டியிருந்தது. மின்சாரமே கடத்தாதபடி சிதைத்த கால்வாயின் ஆர்.என்.ஏ.வை ஏற்றியபோதும் ஐஎச் கூடியது. துடிப்பில் மாற்றம் வருமுன்னே, புரதக் கணக்கிலேயே நரம்பணு ஈடுகட்டிவிடுகிறது போலும்.

இப்போது சராசரிக்கு வரலாம். கோலோவாஷ், மார்க் கோல்ட்மன், அபட், மார்டர் நால்வரும் 2002இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். கால்வாய் அளவுகளைக் கன்னாபின்னாவென்று மாற்றி ஏராளமான மாதிரி நரம்பணுக்களைக் கணினியில் உண்டாக்கி, ஒரு குறிப்பிட்ட விதமாகத் துடிப்பவற்றை மட்டும் பொறுக்கினார்கள். அவற்றின் கால்வாய் அளவுகளைச் சராசரி எடுத்து, அந்தச் சராசரியைக் கொண்டு புதிதாக ஒரு நரம்பணு செய்தார்கள். அது அந்த விதமாகத் துடிக்கவில்லை. மலையைச் சுற்றி இடப்பக்கம் ஒரு பாதை, வலப்பக்கம் ஒரு பாதை. இரண்டின் நடுவை எடுத்தால் பாறைதான் வரும். சரியாக இயங்கும் நரம்பணுக்கள் கால்வாய் அளவுகளின் பெருவெளியில் வளைந்த ஒரு பகுதியில் கிடக்கின்றன. வளைவின் நடுப்புள்ளி அந்தப் பகுதிக்கு வெளியே விழுகிறது. ஆண்டுக்கணக்கில் சோதனைக்காரர்கள் அளந்து, சராசரி எடுத்து, அதைக் கோட்பாட்டாளர்களிடம் கொடுத்து, மாதிரி வேலை செய்யவில்லையே என்று இரு தரப்பும் முழித்துக்கொண்டிருந்ததற்கு இது ஒரு காரணம். கணக்கில் பிழையில்லை. அப்படி ஒரு நரம்பணு எந்த நண்டிலும் இருந்ததில்லை, அவ்வளவே.

2004இல் ஆஸ்ட்ரிட் பிரின்ஸ், டிர்க் பூக்கர், மார்டர் மூவரும் முழுச் சுற்றுக்கே இதைச் செய்தார்கள். மூன்று நரம்பணுக்கள் கொண்ட பைலோரிக் சுற்றை 2 கோடிக்கும் மேற்பட்ட விதங்களில் கணினியில் கட்டினார்கள். உண்மையான சிங்கி இறாலின் தாளத்தோடு எல்லா அளவிலும் ஒத்துப்போனவை சுமார் நாலரை லட்சம். அவற்றுக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை இருந்தன: ஒரு சினாப்ஸ் இங்கே வலுவாக, அங்கே இல்லாத மாதிரி, ஒரு மின்னோட்டம் இங்கே பெரிதாக, அங்கே பெயருக்கு. வெளியே கேட்கும் தாளம் ஒன்றுதான். இது கணினியின் விளையாட்டு என்று தள்ளிவிடலாம். அதற்கும் இடமில்லாமல் போயிற்று. டேவிட் ஷுல்ஸும் ஜான்-மார்க் கோயாரும் மார்டரோடு சேர்ந்து 2006இல் உண்மையான நண்டுகளின் எல்பி நரம்பணுக்களை ஒவ்வொன்றாக அளந்தார்கள். மூன்று பொட்டாசியம் மின்னோட்டங்கள் நண்டுக்கு நண்டு இரண்டு முதல் நான்கு மடங்கு வரை வேறுபட்டன. எல்லா நண்டுகளும் ஆரோக்கியமாகத்தான் இருந்தன. ஒரே நண்டின் இரு பிடி நரம்பணுக்களிலோ சில கால்வாய்களின் அளவு ஒன்றையொன்று ஒத்திருந்தது. அடுத்த நண்டில் அந்த அளவே வேறு.

இந்த இடத்தில் சிலர் ஒரு முடிவுக்குத் தாவிவிடுகிறார்கள்: ஒவ்வொரு உயிரும் தனி, எனவே எப்படி இருந்தாலும் சரி. அந்தத் தாவல் எனக்கு எரிச்சலூட்டும். நாலரை லட்சம் என்ற எண்ணின் மறுபக்கத்தைப் பாருங்கள். 2 கோடியில் 100க்கு 98 சுற்றுகள் தோற்றுப்போனவை. வழிகள் பல, கண்டபடி அல்ல. ஷுல்ஸின் அடுத்த அளவீடுகளில், ஒரு கால்வாய் கூடிய நரம்பணுவில் இன்னொரு கால்வாயும் அதே விகிதத்தில் கூடியிருந்தது; எந்த இரண்டு சேர்ந்து ஏறும் என்பது ஒவ்வொரு நரம்பணு வகைக்கும் தனித்தனி. சுதந்திரம் இருக்கிறது, அது கட்டுத்திட்டம் உள்ள சுதந்திரம். மார்டரின் கட்டுரைகளில் எனக்குப் பிடித்தது, இந்த இரண்டு பாதியையும் அவர் எப்போதும் சேர்த்தே சொல்வது.

நண்டு மனிதனாகுமா என்ற கேள்வி அவரை வாழ்நாள் முழுக்கத் துரத்தியிருக்கும். நிதி கொடுக்கும் குழுக்கள் கேட்காமல் இருக்காது. நேரடியான பதில் இல்லை என்றாலும் பக்கத்திலேயே ஒன்று இருக்கிறது. சோடியம் கால்வாயின் மரபணு ஒன்றில் பழுது ஏற்பட்டு, குடும்பத்தில் பலருக்கும் வலிப்பு வருவது மருத்துவர்கள் அறிந்த நோய். அதே குடும்பம், அதே பழுது. ஒரு பிள்ளைக்குக் காய்ச்சலின்போது மட்டும் வலிப்பு வந்து வயதோடு நின்றுபோகும். இன்னொருவருக்கு மருந்துக்கு அடங்காத நோயாக நீளும். மூன்றாமவருக்கு ஒன்றுமே இருக்காது. மற்ற மரபணுக்களும் சூழலும் இதில் பங்கெடுக்கும் என்பது மருத்துவம் சொல்வது. நண்டைப் படித்தவர் கூடுதலாக ஒன்று கேட்பார்: மற்ற கால்வாய்களின் கலவை மூவரிடமும் ஒன்றாகவா இருந்தது? ஒரே மருந்து ஒருவருக்குக் கேட்கிறது, அடுத்தவருக்குக் கேட்கவில்லை என்பதை நோயாளியின் தலைவிதியாகப் பார்க்காமல், கேட்டிருந்தால்தான் ஆச்சரியம் என்று பார்க்க இந்தக் கேள்வி பழக்குகிறது. மருந்துச் சோதனைகள் இன்றும் கூட்டி வகுத்த எண்ணில்தான் முடிகின்றன. அதற்கு மாற்று என்னவென்று மார்டரும் சொல்லிவிடவில்லை.

வேறுபாடு இவ்வளவு இருந்தும் எல்லா நண்டும் ஒரே தாளம் போடுகிறது என்றால், அந்த வேறுபாட்டுக்கு என்றைக்காவது அர்த்தம் உண்டா? இதற்கு மார்டரின் கூடம் எடுத்த வழி எளிமையானது: முடிச்சு கிடந்த தட்டைச் சூடாக்கினார்கள். ஜோனா நண்டு குளிர்ந்த கடலில் வாழ்வது. அலைக்கும் பருவத்துக்கும் தக்கபடி அதன் உடல் வெப்பம் ஏறி இறங்கும். நம்மைப் போல உள்ளே உலை கிடையாது. அயனிக் கால்வாய்கள் வெப்பத்துக்கு வேகமாகும், ஆனால் ஒவ்வொரு வகையும் ஒவ்வொரு விகிதத்தில். பொறியியல் கண்ணோடு பார்த்தால் சுற்று குழம்பிப்போக வேண்டும். லாமண்ட் டாங் முதலானோர் 2010இல் கண்டது, 7 டிகிரியிலிருந்து 23 டிகிரி வரை ஏற்றியபோது தாளம் ஏறக்குறைய நான்கு மடங்கு வேகமெடுத்தது. ஆனால் யார் முதலில், யார் பிறகு, ஒவ்வொருவருக்கும் சுழற்சியில் எத்தனை பங்கு என்ற கணக்கு அப்படியே இருந்தது. எல்லா நண்டிலும்.

அதற்கு மேல் ஏற்றினால் தாளம் சரிகிறது. சரியும் விதம்தான் விசேஷம். ஒரு நண்டின் சுற்று அமைதியாகிவிடும். இன்னொன்றில் நரம்பணுக்கள் ஆளுக்கொரு வேகத்தில் துடிக்கும். மற்றொன்று தாளத்துக்கும் தடுமாற்றத்துக்கும் இடையே போய்ப்போய் வரும். எத்தனை டிகிரியில் சரியும் என்பதும் நண்டுக்கு நண்டு வேறு. குளிர்வித்தால் எல்லாம் பழைய தாளத்துக்கே திரும்பி, மறுபடி ஒன்றுபோலவே காட்சியளிக்கும். பெப்டைடுகளும் இதில் தலையிடுகின்றன. முடிச்சு எந்தப் பெப்டைடில் குளித்துக்கொண்டிருக்கிறது என்பதைப் பொறுத்துச் சரியும் வெப்பநிலை மேலே போகும், கீழே வரும். கரைசலில் பொட்டாசியத்தைக் கூட்டியபோதும் இதே மாதிரி: முதலில் எல்லாம் மௌனம், சில நிமிடங்களில் தன்னைத் திருத்திக்கொண்டு மறுபடி துடிப்பு, திருந்தும் வேகம் ஒவ்வொன்றுக்கும் வேறு.

மார்டரின் நண்டுகள் ஆய்வுக்கூடத்தில் வளர்க்கப்பட்டவை இல்லை. பாஸ்டன் பக்கத்து மீன் வியாபாரிகளிடம் வாங்குபவை. எந்த வயதில், எந்தக் கோடையைக் கண்டு, என்ன தின்று வந்தவை என்பது யாருக்கும் தெரியாது. பலரும் இதைக் குறையாகச் சொன்னதுண்டு. ஒரே மரபணுவும் ஒரே கூண்டும் ஒரே தீனியும் உள்ள எலிகளை அளந்திருந்தால் நான்கு மடங்கு வேறுபாடு அகப்பட்டே இருக்காது என்று நினைக்கிறேன். அவை பிடிபடும் மெய்ன் வளைகுடா, உலகக் கடல்களில் வெகு வேகமாக வெப்பமேறிக்கொண்டிருக்கும் பகுதிகளில் ஒன்று. 2021இல் மார்டர் தன் கூடத்தைச் சேர்ந்த மாரா ரூவோடு எழுதிய கட்டுரை, தனி நண்டுகளின் வேறுபாட்டில் தொடங்கிப் பருவநிலை மாற்றத்தில் போய் நின்றது. கூடத்தின் தொட்டிகளில் தண்ணீர் 11 டிகிரியை ஒட்டியே வைக்கப்பட்டிருக்கும். அந்த வெப்பத்தில் எடுத்த தாளப் பதிவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எந்த நண்டு 25 டிகிரியைத் தாங்கும், எது அதற்கு முன்பே விழும் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.